அம்மா கேட்ட கோழி

வேங்கிக்கால் வீட்டில் இன்று ஓவனில் கோழி வைத்தேன். மிளகும் பூண்டும் முறுகும் வாசனையில் சிறுவயதில் நாங்கள் இருந்த அடி அண்ணாமலை கிராமத்து வீடு நினைவுக்கு வந்தது.

அப்போது அம்மா நோயில் படுத்திருந்தாள். ஒருநாள் அவளே கோழி கேட்டாள். அப்பா முழுக்கோழியைச் சட்டியில் வைத்து மூடி, மூடிமேல் தணலைக் கொட்டி விசிறிக்கொண்டே இருந்தார். வெந்ததும் நார்நாராகப் பிய்த்து ஊட்டினார். அவளால் விழுங்க முடியவில்லை.

"வாசனையே போதுங்க. புள்ளைக்குக் குடுங்க" என்றாள். அந்த வாரமே இறந்துபோனாள்.

என்னோடு இருக்கும் அப்பாவுக்கு இப்போது ஞாபகமறதி முற்றிவிட்டது. தட்டை வைத்ததும், "உங்கம்மாவுக்கு எடுத்து வெச்சியா?" என்றார்.

"அம்மா செத்துட்டாங்கப்பா."

"எப்போ?" என்று கேட்டுவிட்டு, குலுங்கி அழுதார். நேற்றும் இப்படித்தான் அழுதார். வீட்டில் வேறு யாருமில்லை. ஒவ்வொரு முறையும் நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது.