குட்டைக் கியர்

மகன் தன் காரின் கியர் தடியைக் கழற்றிவிட்டு, புதிதாக வாங்கிய குட்டைத் தடியைப் பொருத்தி, மூட்டில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். அந்த வாசனை என்னைப் பிள்ளையார்பாளையத்து வீட்டு வாசலுக்கு இழுத்துப் போனது.

அப்பா டாக்சி ஓட்டினார். இடது தோள் இறுகிப்போய், ஸ்டியரிங் அடியில் நீட்டியிருந்த கியரைத் தூக்கிப் போட முடியாமல் தவித்தார். மெக்கானிக் பாய் அதை வெட்டிக் குட்டையாக்கினார்.

"தூரம் கொறையும். ஆனா அழுத்தம் ஜாஸ்தி கேக்கும்பா."

அப்படியே ஆனது. இரண்டு முறை இழுத்துப் பார்த்த அப்பா ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக்கொண்டார்.

"வண்டிய வித்துடலாம்மா. என்னால முடியல."

தறியை விட்டு வந்த அம்மா கிரீஸ் டப்பாவை எடுத்தாள். மூட்டுகளில் கிரீஸைத் திணித்து, பொழுது சாயும்வரை கியரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"இப்போ போட்டுப் பாருங்க."

கியர் இலகுவாக விழுந்தது. அம்மாவின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அந்தக் கையோடு பட்டு இழையைத் தொட முடியாமல் ஒரு வாரம் தறி நின்றது.

அதன்பின் அப்பா பல வருஷம் ஓட்டினார். எத்தனையோ கல்யாணக் கூட்டத்தை ஏற்றிப் போனார். அம்மா ஒருநாளும் அந்த வண்டியில் ஏறியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"வாம்மா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்," என்றான் மகன்.

அசதியாகத்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன்.