கடைவாயால் கேட்பவர்

தேக்கங்கம்பின் ஒரு முனையை எந்திரத்தின் மேல் ஊன்றி, மறுமுனையைக் கடைவாயில் கடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறார் நூர்முகம்மது. எந்திரம் அவருக்குக் கரும்பு ஊட்டுகிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இருபத்திரண்டு வருஷம் பஞ்சாலையில் எந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை. ஆலை காதை மட்டும் வைத்துக்கொண்டு மீதி ஆளை மேலப்பாளையத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. "காது போனா என்ன, பல்லு இருக்குல்லா" என்பார். வலது கடைவாய் தொழிலுக்கு. முறுக்கு, எலும்பு, வெற்றிலை எல்லாம் இடது பக்கத்துக்கு. மனிதர் பேச்சை உதட்டசைவிலேயே படித்துவிடுவார். தறி இரைச்சலில் பிழைத்தவர்களுக்கு வருகிற வித்தைதான். அவர் மனைவி ஆசியா உம்மாளுக்கு இதில் ஒரு குறை உண்டு. "நான் ஏச ஆரம்பிச்சா கண்ணை மூடிக்கிடுதாவ. நான் யாரைப் போயி ஏச?"

அரிசி ஆலை, தையல் எந்திரம், சுவர்க் கடிகாரம் எல்லாம் அவர் கம்புக்கு அடங்கியவை. போன வாரம் அவர் வீட்டு முற்றத்துக்கு ஒரு மோட்டாரும் வந்து சேர்ந்தது.

பாளையங்கோட்டை வக்கீல் வேதநாயகத்தின் மோட்டார் அது. மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் பந்தயத்துக்கென்று வரவழைத்து, ஆறு வருஷம் ஓட்டித் தீர்த்துவிட்டு, சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுப்போன இரண்டு இருக்கை வண்டி. ஒரு மாதமாக அது அழுகிறது. வள்ளியூர்ச் சாலையில் வக்கீல் வருவதற்கு முன்னால் அழுகை வந்துவிட, ஊரார் துக்கம் கேட்க வெளியே வந்து நிற்கிறார்களாம்.

விசாரணைக்கு முன்பே வக்கீல் தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். "எல்லாம் இவன் கைவேலை வே. மாட்டு வாலை முறுக்குத மாதிரி கியர்க் கம்பியை முறுக்குதான். ஆமான்னு நீரு ஒரு வார்த்தை சொல்லும், இன்னைக்கே இவனை அனுப்பிருதேன்."

இவன் என்பது சங்கிலிபூதத்தான். போன வருஷம் வரை வக்கீலின் மாட்டுவண்டிக்காரன். இப்போது காக்கிச் சட்டை போட்ட டிரைவர். மாடும் வண்டியும் விலைபோய்விட்டன. திரும்பிப் போக அவனுக்கு இடம் கிடையாது.

"பைய, வக்கீலையா" என்றார் நூர்முகம்மது. "முதல்ல அது அழட்டும். யாரு அடிச்சான்னு பொறவு கேப்போம்."

பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டையில் நிறுத்தச் செய்தார். எந்திரம் சும்மா ஓடியபோது கம்பில் வெறும் உறுமல். மேல் கியரில் போட்டான் பூதத்தான்; உறுமல்தான். இரண்டாவதில் போட்டதும் கடைவாயிலிருந்து உச்சந்தலை வரை கூசியது. வேகம் ஏற ஏற அழுகை மெலிந்து, ஊசியாகி, பல்லுக்குள் இறங்கியது. கம்பை முன்னும் பின்னும் அரை அரை விரற்கடையாக நகர்த்தி, ஓரிடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டார்.

"இங்கன இருக்கு. ரெண்டாவது சோடிப் பல்சக்கரம். மத்ததெல்லாம் சுகமா இருக்கு."

"நான் சொல்லல?" என்றார் வக்கீல், கியர்ப் பெட்டியைத் திறப்பதற்குள்ளேயே.

நூர்முகம்மது மூடியைக் கழற்றி விரலை விட்டார். எண்ணெய் வரவேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு களிம்பு வந்தது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு இடும் மை! கட்டை அச்சுக்கு அது மருந்து. இங்கே பத்து நாள் சத்தத்தை அமுக்கிவிட்டு, கரி மண்ணாக நின்று பல்லைத் தின்றிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் இந்த வைத்தியம் பார்க்கக்கூடிய ஆள் அந்த முற்றத்தில் ஒருவன்தான். இத்தனை வருஷத்தில் எந்த எந்திரத்தைப் பற்றியும் நூர்முகம்மது பொய் சொன்னதில்லை. நிமிர்ந்து அந்த ஒருவனைப் பார்த்தார்.

வக்கீலின் முதுகுக்குப் பின்னால் நின்ற பூதத்தானின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

'அழுதா மை போட்டுத் தொலைலேன்னு ஐயாதான் பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கிட்டே சொன்னாவ. நான் சொன்னேன்னு சொல்லிராதிய.'

"என்னவே, கருப்பா என்னமோ இருக்கு?" வக்கீல் குனிந்தார். "இது யாரு செஞ்ச வேலை? சொல்லும்."

நூர்முகம்மது மை அப்பிய ஆள்காட்டி விரலை மெல்ல உயர்த்தி, வக்கீலின் மூக்குக்கு நேராக நீட்டி, அங்கேயே நிறுத்திக்கொண்டார்.