பதினேழாவது கேள்விக்கு ஒரே ஒரு கோடு

போன செவ்வாய்க்கிழமை பட்டாபிராமில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், மெத்தப் படித்த ஒரு மனிதரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிவிட்டேன். நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கோபம் புதிதல்ல. 'பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு எழுதுங்கள் மேடம்' என்று கடிதம் எழுதுகிறவர்களும் உண்டு. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்... ஒன்றும் குறையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவடி, வெள்ளானூர் பக்கம் ஏரிக்கரைகளிலும் காலி மனைகளிலும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்களா, தடுப்பூசி போட்டாயிற்றா, பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்க்க, அதே ஜனங்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து 'குழந்தை நலப் பணியாளர்' ஆக்கும் திட்டம் ஒன்றை ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. நல்ல யோசனைதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். பயிற்சிப் பாடங்களை ஒரு நிபுணர் ஆங்கிலத்தில் தயார் செய்துவிட்டார், எளிய தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். 'பராமரிப்பாளர்' என்பதை அடித்துவிட்டு 'பார்த்துக்கொள்பவர்' என்று போட்டேன். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், பாடம் வகுப்பில் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் அன்றைக்குப் போனேன். நான்கு நாள் பயிற்சியில் அது மூன்றாம் நாள். நிபுணர் ஒரு படிவத்தை எல்லோருக்கும் கொடுத்தார். வீட்டைப் பார்க்கப் போகும்போது நிரப்ப வேண்டிய படிவம், மொத்தம் இருபத்துநான்கு கேள்விகள்.

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வீட்டை மனசுல வெச்சுக்கிட்டு நிரப்புங்க. பிராக்டிஸ்தான், பயப்பட வேணாம்."

வெள்ளானூரிலிருந்து வந்திருந்த கன்னியம்மா தன் வீட்டையே மனதில் வைத்து நிரப்பினாள். முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். புருஷனும் அவளும் ஒரு ரியல் எஸ்டேட்காரரின் மனைகளுக்குக் காவல் இருக்கிறார்கள். மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தால் அவள் வீட்டுக்கு வந்தது — 'அதிக ஆபத்து. குழந்தையை வேறிடம் மாற்றப் பரிந்துரைக்கலாம்.'

ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஏதோ தப்பாகக் கூட்டிவிட்டோம் என்று நினைத்து மறுபடி கூட்டினாள். அதே விடைதான் வந்தது.

ஏன் வராது? ஒன்பதாவது கேள்வி, இரண்டு வருஷத்தில் எத்தனை முறை வீடு மாறினீர்கள்? காவல் இருக்கிற மனை விற்றுப்போனால் குடிசையைப் பிரித்து அடுத்த மனையில் போட வேண்டும். நான்கு முறை மாறியிருக்கிறாள். பன்னிரண்டாவது, பூட்டக்கூடிய கதவு உண்டா? கிடையாது. ஊரார் நிலத்தையெல்லாம் காவல் காக்கிறவளுக்குச் சொந்தமாக ஒரு கதவு இல்லை என்றால், அந்தக் குற்றம் யார் கணக்கில் போக வேண்டும்? படிவம் அவள் கணக்கில் போட்டுவிட்டது.

பதினேழாவது கேள்வியில்தான் எல்லாம் வெடித்தது.

'தாய் வேலைக்குச் செல்லும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார்?' பக்கத்தில் ஒரே ஒரு கோடு. கன்னியம்மா அந்தக் கோட்டில் ஆரம்பித்து, மார்ஜினில் இறங்கி, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதியிருந்தாள். ஒன்பது பெயர்கள்.

நிபுணர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மைக்கில் விளக்கினார். "எல்லாரும் கவனிங்க, இது நல்ல உதாரணம். பொறுப்புன்னா ஒரு ஆள்தான்மா. ஒன்பது பேர் பொறுப்புன்னா யாருமே பொறுப்பு இல்லைன்னு அர்த்தம். இந்த மாதிரி வந்தா 'கண்காணிப்பு இல்லை'ன்னு டிக் பண்ணிடுங்க."

அவர் சொந்தமாக எதையும் சொல்லவில்லை. புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருப்பதைத்தான் சொன்னார். அந்தப் பக்கத்தின் தமிழ் என்னுடையது. எழுதும்போது எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை.

கன்னியம்மா டிக் அடிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"சார், என் தங்கச்சி மல்லிகா புள்ளய இதே கேள்வி கேட்டுத்தான் இட்டுகினு பூட்டாங்க."

அவள் சொன்னாள்.

"போன மழைக்கு முன்னாடி சார். அது காங்கிரீட்டு வேலைக்குப் போயிருந்திச்சி. புள்ள சந்தோசு ஏரிக்கரைல மத்த புள்ளைங்களோட இருந்தான், மூணு வயசு. புள்ளைங்க ஆபீசுக்காரங்க ஜீப்புல வந்தாங்க. சாயந்தரம் மல்லிகா வந்ததும், நீ வேலைக்குப் போனா புள்ளய யாரு பாத்துக்குறான்னு கேட்டாங்க. எல்லாரும்தான் சார்னு சொல்லிச்சி. அவங்க யாரும் இல்லன்னு எழுதிகினாங்க."

ஏழு மாதமாகக் குழந்தை ஒரு காப்பகத்தில் இருக்கிறான். மல்லிகா ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்க்கிறாள். போன ஞாயிறு அவள் மடியில் உட்கார்ந்திருந்தவன், திடீரென்று இறங்கி, கையைத் தூக்கிக்கொண்டு, பெற்ற தாயிடம் கேட்டிருக்கிறான் — "மிஸ், ஒண்ணுக்குப் போலாமா?"

இதைச் சொல்லும்போது கன்னியம்மா அழவில்லை. நிபுணரைப் பார்த்துக் கேட்டாள்.

"அடுத்த மாசம் ஊட்டப் பாக்க ஆள் வருதாம். பாத்துட்டுத்தான் புள்ளயக் குடுக்கறதா வேணாவான்னு சொல்லுவாங்களாம். இந்தப் பாரத்த வெச்சிதான் பாப்பாங்களா சார்?"

"ஆமாம்மா. இந்த ஃபார்மட்டைத்தான் அவங்களுக்கும் குடுக்கப்போறோம்" என்றார் நிபுணர், பெருமையாக.

அப்போதுதான் மைக்கைப் பிடுங்கினேன்.

என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. 'எல்லாரும்' என்பதை 'யாரும் இல்லை' என்று எழுத எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். நான்கு நாள் பயிற்சியில், இந்தப் பெண்கள் பேச, நாம் கேட்க, அரை மணி நேரமாவது ஒதுக்கினீர்களா என்று கேட்டேன். இவர்களுக்குத்தான் பாடம், இவர்களுக்காகத்தான் புத்தகம், இவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! நானும் கேட்கவில்லை. அதையும் மைக்கில் சொன்னேன். சொன்னபோது குரல் கிறீச்சிட்டது.

"உணர்ச்சிவசப்படாதீங்க மேடம். ஒரு கோடுதானே? இப்ப மாத்த முடியாது. புக்கு பிரிண்ட்டுக்குப் போயாச்சு."

போயாச்சாம்! பிழை திருத்திய ஃபைல் என் பையில், என் லேப்டாப்பில் இருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் உடனே டீ பிரேக் அறிவித்தார்.

டீயோடு கீழே இறங்கி, கன்னியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த ஒன்பது பேரும் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று — இரண்டு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை — அப்போதுதான் கேட்டேன்.

"காலைல கெளம்பசொல்ல ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும் நின்னு, நான் போறேன்னு சொல்லணும்க்கா. உள்ளருந்து, சரி போன்னு கொரல் வரணும்."

"வரலைன்னா?"

"வரலன்னா போவ மாட்டோம். அன்னிக்கி வேல கட்டு."

"ஒரு வீட்ல வரலைன்னாகூடவா?"

"ஒம்போதும் வரணும்க்கா. ஒருத்தரு தூங்கிடுவாங்க, ஒருத்தரு ரேசன் கடைக்குப் போவாங்க. ஒராள நம்பி எப்பிடிக்கா புள்ளய உட்டுட்டுப் போறது?"

மேலே நிபுணருடைய மைக் மறுபடி கரகரத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கன்னியம்மா கேட்டாள். "உங்க புள்ளய யாருக்கா பாத்துக்குறது?"

"நான்தான்" என்றேன். கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"நீங்க இங்க கீறீங்களே?"

அவள் குத்திக்காட்டவில்லை. புரியாமல்தான் கேட்டாள். என் பையன் ஏழாவது படிக்கிறான். அன்றைக்குப் பள்ளி விடுமுறை. திருமுல்லைவாயில் ஃப்ளாட்டில், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து போனும் கையுமாகத் தனியாக இருந்தான். கிளம்பும்போது நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. யாரிடம் சொல்வது? எதிர் ஃப்ளாட்காரர் பெயரே எனக்குத் தெரியாது. ஆனால் கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது, மாறாத முகவரி இருக்கிறது, கோட்டில் எழுத ஒரே ஒரு பெயர் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தை என் வீட்டுக்கு நிரப்பிப் பார்த்தேன். 'பாதுகாப்பான சூழல். தலையீடு தேவையில்லை.'

தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அன்று இரவே நாற்பத்தோராம் பக்கத்தைக் கிழித்தேன் — லேப்டாப்பில்தான். பதினேழாவது கேள்வியை மாற்றி எழுதினேன். 'வேலைக்குக் கிளம்பும்போது யார் யாரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள்? எல்லோரும் பதில் சொல்வார்களா?' கீழே ஒன்பது கோடுகள். கேள்வி கன்னியம்மாவுடையது, பாடத்தில் அவள் பெயர் போட வேண்டும் என்றும் எழுதி, அந்தப் பக்கத்தை மட்டும் நிறுவனத்துக்கு அனுப்பினேன்.

நேற்று நிறுவனத்திலிருந்து போன் வந்தது. பேசிய பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினார். நிபுணர் பெரிய மனது பண்ணியிருக்கிறாராம். கேள்வியை மாற்ற முடியாதாம், டிக் அடிக்கிற விதியும் அப்படியேதான் இருக்குமாம், ஆனால் இடத்தைக் கூட்டிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டாராம். ஒரு கோட்டுக்குப் பதிலாக மூன்று கோடு. அச்சுக்கான முழு ஃபைலை இன்றே அனுப்பினால் நல்லது என்றார்.

கன்னியம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மூணு கோடா?" என்று கேட்டாள். பிறகு, "சரிக்கா, பரவால்ல, பொடியா எழுதிக்கறோம்" என்றாள்.

இவ்வளவு நாள் இந்த ஜனங்கள் அப்படித்தான் பொடியாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாம் போட்ட கோட்டுக்குள், நமக்குத் தொந்தரவு இல்லாமல். அந்தப் 'பரவால்ல'வைக் கேட்டபோது வந்த கோபம், மைக்கைப் பிடுங்கியபோதுகூட வரவில்லை. அடுத்த மாதம் மல்லிகாவின் குடிசைக்கு ஆள் வரும்போது, சந்தோஷ் அம்மாவிடம் திரும்புவதா வேண்டாமா என்பது அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

நிறுவனத்திலிருந்து காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டுவிட்டார்கள், ஃபைலுக்காக. இன்னும் அனுப்பவில்லை... ஒன்பது கோடும் வரட்டும், நானும் 'சரி, போ' என்கிறேன்.