பெற்றிசியா கீறிய வரி

பெற்றிசியாவுக்குக் கோபம் வந்தால் மன்னார் பட்டினத்து அச்சகத்தில் மெஷின் சத்தமே கேட்காது என்பார்கள். பொய்யில்லை. அதிலும் அவள் செய்த பிளேட்டில் யாராவது கீறல் போட்டுவிட்டால், அந்த ஆளை அன்றைக்கு மாதாதான் காப்பாற்றவேண்டும்.

பிளேட் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. மேலே மருந்து பூசிய மெல்லிய அலுமினியத் தகடு. எழுத்துள்ள பிலிமை அதன்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, கடும் வெளிச்சம் கொடுக்கவேண்டும். பிறகு கழுவினால் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கரைந்துபோய் எழுத்து மட்டும் மிஞ்சும். மெஷினில் அந்த எழுத்து மையைப் பிடிக்கும். வெறும் அலுமினியம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையை அண்டவிடாது. ஆனால் அந்த வெறும் இடத்தில் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் போச்சு, அதற்குள்ளும் மை போய்க் குந்திவிடும்.

மெஷின் ஓட்டுகிற யோகராசா, நானாட்டான் ஆள், ஒருமுறை மோதிரக் கையோடு பிளேட்டை மாட்டினான். கலியாணக் கார்ட்டில் பொம்பிளையின் பெயருக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. பெற்றிசியா கிழித்த கிழியில் அவன் அன்று தொடக்கம் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குவான்.

இந்த வேலையை அவள் பழகியது ராமநாதபுரத்தில். சண்டைக்குப் பயந்து சொந்த ஊரான தோட்டவெளியிலிருந்து வள்ளமேறி, மண்டபம் முகாமில் கிடந்த காலம் அது. அங்கேயே இருந்திருக்கலாம். தகப்பன் யாகப்பர் விட்டுப்போன காணித்துண்டுக்காகத்தான் திரும்பி வந்தாள். நாலு பனை, ஒரு நல்லதண்ணிக் கிணறு. பற்றை வெட்டி, வேலி அடைத்து, ஒற்றை ஆளாக வீட்டை நிமிர்த்தினாள்.

போன மாதம் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், வேலி பிரிந்து கிடக்கிறது. கிணற்றடியில் ஆழமாக ஒரு துளை. மணலுக்குள் என்ன தாது இருக்கிறதென்று பார்க்க வந்த கம்பனிக்காரராம். ஒரு சொல், ஒரேயொரு சொல் அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அயலிலும் இதே கதைதான். ஞாயிறு பூசை முடியக் கோயிலடியில் எல்லாரும் கூடுவது என்று ஊர் முடிவெடுத்தது. அதற்கு நோட்டீஸ் அடிக்கும் வேலை பெற்றிசியாவிடம் வந்தது.

சனிக்கிழமை காலையில் பிளேட்டைச் செய்து மெஷினில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். வந்து பார்த்தால், வந்து விழுகிற கடதாசியில் நடுவரியைக் காணோம். ‘கேளாமல் எங்கள் காணியில் துளையிடாதே’ இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. மேலே ஊர்ப்பெயர், கீழே ‘அனைவரும் வருக’. பிழைதிருத்த வைத்திருந்த மருந்தால் யாரோ துடைத்திருந்தார்கள்.

“ஆர் இதில கை வைச்சது?”

முதலாளி றொட்னி கதிரையை விட்டு எழும்பவில்லை. “நான்தான். ஒரு ரெலிபோன் கோல் வந்தது. எனக்கேன் வில்லங்கம்? ஆக்களைக் கூப்பிட இது காணும்தானே.”

“கூப்பிடவோ? கோயில் பெருநாளுக்கோ அண்ணை கூப்பிடுறம்? என்ர கிணத்தடியைத் தோண்டினவன் கோல் எடுத்தால் உங்களுக்குக் கை நடுங்குதோ? வெக்கமாயில்லையே?”

“சும்மா வாயைக் காட்டாதையும், பெற்றிசியா. இருக்கிறதை அடிச்சுக்கொண்டு போம்.”

புதுப் பிளேட் இருந்த அலுமாரியைப் பூட்டித் திறப்பைப் பையில் போட்டுக்கொண்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். விடிந்தால் பூசை. பெற்றிசியாவுக்கு அழுகை வந்தது, அந்த அழுகை மேலும் எரிச்சலைக் கிளப்பியது. கேளாமல் வேலியைப் பிரித்தார்கள், கேளாமல் வரியையும் துடைத்துவிட்டார்கள்!

“யோகு, மெஷினை நிப்பாட்டு.”

மேசையிலிருந்த தடித்த ஊசியை எடுத்துக்கொண்டு பிளேட்டுக்கு முன்னால் குனிந்தாள்.

“ஐயோ அக்கா, கீறாதேங்கோ! உங்களுக்கென்ன பைத்தியமே?”

“சும்மா இரடா. அண்டைக்கு உன்ர மோதிரம் கீறினது எவ்வளவு வடிவா மையைப் பிடிச்சது!”

பற்களைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, தகட்டின் உடம்பு தெரியக் கீறினாள். பிளேட்டில் எழுத்து நேராகவே இருக்கும், புரட்டி எழுதவேண்டியதில்லை. விரலில் மையைத் தொட்டுக் கீறல்களுக்குள் தேய்த்தாள். யோகராசா ஒருமுறை வாசலைப் பார்த்தான். பிறகு மெஷினை ஓடவிட்டான்.

கோணல்மாணலாக, ஊரே அறிந்த பெற்றிசியாவின் கையெழுத்தில் அந்த வரி கடதாசி கடதாசியாக வந்து விழுந்தது.

றொட்னி திரும்பி வந்தபோது கட்டுக் கட்டி முடிந்திருந்தது. ஒன்றை இழுத்துப் பார்த்தவருக்கு முகம் வெளுத்தது. “இதார் எழுதினதெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

“தோட்டவெளிப் பெற்றிசியா எண்டு சொல்லுங்கோ. வீட்டையும் காட்டிவிடுங்கோ.”

“திங்கக்கிழமை வேலைக்கு வராதையும்.”

“நீங்கள் சொல்லாட்டியும் வரமாட்டன்.”

மெஷினிலிருந்து பிளேட்டைக் கழற்றிக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டாள். பழைய பிளேட்டுகளைத் தோட்டவெளிச் சனம் கோழிக்கூட்டுக்கு வாங்கி அடிக்கும். இது கோழிக்கூட்டுக்கில்லை. அன்று பொழுதுபடுவதற்குள் பிரிந்த வேலியைக் கட்டி, அதன்மேல் அந்தத் தகட்டை வைத்து, பக்கத்து வீட்டாரெல்லாம் எட்டிப் பார்க்க ஓங்கி ஓங்கி ஆணி அறைந்தாள்.

“கேளாமல் வந்தவங்கள்தானே,” என்றாள் சுத்தியலைக் கீழே வைக்காமல். “இனி வாசிச்சிட்டு வரட்டும்.”