சபை வீதியில் என் லீக்ஸ்

எங்கள் தேயிலைத் தோட்ட லயக் குடியிருப்புக்கு வரும் அரச வீதியை நகரசபையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதிலுள்ள குழிகளுக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லையாம்.

முன்பு வீதியை வைத்திருந்த அரச திணைக்களம், இப்போதைய நகரசபை என இரண்டு அலுவலகத்திலும் கைவிரித்தார்கள். குழிகளால் பஸ் மலைக்கு மேலே வருவதில்லை. முழங்கால் வலியோடு என் மனைவி கிளினிக்குக்கு நடக்கிறாள்.

இன்று காலை, பெரிய குழியில் மண் நிரப்பி வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் நாற்று நட்டேன்.

மதியத்துக்குள் சபை உத்தியோகத்தர் வந்துவிட்டார்.

"ஐயா, இது எங்க ரோடு! இதுல பயிர் வைக்க ஏலாதுங்க."

"அப்படிங்களா தம்பி? அதையே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. புடுங்கிடுறேன்."

கோபத்தில் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தின் படம் கீழே.

இனி சபை குழியை மூட வேண்டும். பஸ்காரர் மேலே வர வேண்டும். நான் லீக்ஸைப் பிடுங்க வேண்டும்.

இந்த வரிசையில்தான் நடக்கும். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதுங்கள்.