கொட்டகையே இல்லை என்ற காலனி

ஆரோக்கியமேரிக்கு அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் வேலை. எந்தப் பேட்டையில் எத்தனை நாடகக் குழு, எத்தனை மேடை என்று சர்க்கார் எடுத்த கணக்கை ஏற்றிச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் எந்த மேடையைக் காப்பாற்றுவது, எந்த இடத்தைக் காலி பண்ணுவது என்று மேலே முடிவெடுப்பார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள் மல்காஜ்கிரியில் அவள் பிறந்து வளர்ந்த ரயில்வே காலனியே திரையில் வந்தது. நாடகக் குழு இல்லை. மேடை இல்லை.

அடப் பாவிகளா! ஈஸ்டருக்குக் கர்த்தரின் பாடுகள் நாடகம், ஆடிக்கு அம்மன் நாடகம் என்று காலனியே திரளுகிற தகரக் கொட்டகை எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. பட்டா இல்லாத இடமாச்சே, கணக்கெடுக்க வந்தவனைக் கண்டதும் இழுத்துப் பூட்டிவிட்டார்கள். சர்க்கார் ஆளிடம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறை பிழைத்த ஜனம்.

"தப்பா வந்திருக்கு சார், நான் திருத்திடட்டுமா?" என்று மேலாளர் கணேஷ்குமாரிடம் கெஞ்சினாள்.

"நேர்ல பார்க்காம மாத்தக் கூடாதுங்க. நாளைக்கு ஆள் அனுப்பறேன். சாயங்காலம் கணக்கு மேலே போயிடும். அப்புறம் என்னால ஒண்ணும் முடியாது."

நாடகக் குழுவுக்குத் தலைவர் ஒர்க்ஷாப் நடேசன். மேரி அவர் வீட்டு வாசலில் நின்று அழாத குறை. "அண்ணே, உங்க கால்ல விழறேன். நாளைக்குக் கொட்டகையைத் திறந்து வெச்சு மத்தளம் அடிங்க. கணக்குல ஏறலேன்னா இடிச்சிடுவாங்க."

"ஹவ்மா, சரிம்மா, நீ போ," என்று தலையாட்டினார் மனுஷன்.

மறுநாள் வேலை ஓடவில்லை. கர்த்தரே கர்த்தரே என்று உட்கார்ந்திருந்தாள். மத்தியானம், ஜீப்பில் பார்க்கப் போன ஆளிடமிருந்து போன் வந்தது. கொட்டகை பூட்டிக் கிடக்கிறது, கேட்டால் பழைய சாமான் போடுகிற இடம் என்கிறார்களாம். நடேசனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. போட்டாள், போட்டாள். சாயங்காலம் கணக்கு போயே போய்விட்டது.

காலனி முனையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே மத்தளம் கேட்டது. கொட்டகை நிறைய ஆள். நடேசன் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

"நீ வெள்ளந்திம்மா. உன்னை வெச்சே நம்மகிட்ட வேவு பார்க்கப் பார்த்தானுங்க. விடுவமா? ஜீப்பை அப்படியே திருப்பி அனுப்பிட்டோம்ல! கொட்டகை தப்பிச்சுது மேரி."

அவரைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ அவள் கையில் டீயைத் திணித்தார்கள். போச்சுண்ணே, எல்லாம் போச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். டீயைக் குடித்தாள்.