இரண்டு கேட்டுக்கும் ஒரே அரைமணி

எனக்குப் பொறுமை கிடையாது. காத்திருப்பது என்றாலே உள்ளங்காலில் எறும்பு ஊறும். அப்படிப்பட்டவனுக்குக் கிடைத்ததோ, காத்திருப்பதற்கே சம்பளம் கொடுக்கும் வேலை. எழுபதுகளின் நடுவில், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில், ஒரு டீ எஸ்டேட்டின் அடிவாரக் கேட்டில் கிளார்க்காக இருந்தேன்.

பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு வண்டி ஏறினால் இன்னொன்று இறங்க முடியாது. அதனால் கீழே ஒரு கேட், மேலே ஒரு கேட். இரண்டுக்கும் நடுவே காட்டுக்குள் ஓடும் ஒற்றைக் கம்பி, அதன் இரு முனையிலும் கைப்பிடி சுற்றும் டெலிபோன். மேலே இருப்பவர் சரி என்றால்தான் நான் வண்டியை ஏற்றலாம். நான் சரி என்றால்தான் அவர் இறக்கலாம்.

மேல் கேட்டில் இருந்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். அவருக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். நான் கைப்பிடியைச் சுற்றும் அதே நேரத்தில் அவரும் சுற்றுவார். இருவரும் சுற்றினால் இரண்டு பக்கமும் மணி அடிக்காது. சலித்துப்போய் விட்டுவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் சேர்ந்தே சுற்றுவோம். ஒருவழியாக லைன் கிடைத்தால் அவருடைய முதல் பேச்சு, "ஏன் மாப்ள, செத்த நேரம் சும்மா இருக்க மாட்டீகளா?" என்பதுதான். "நீங்க கைய எடுத்தாத்தான மச்சான்?" என்பேன்.

மழைக்காலத்தில் கிளை முறிந்து விழுந்தால் லைன் போய்விடும். அதற்கும் மேனேஜர் ஒரு சட்டம் வைத்திருந்தார். பதில் வராவிட்டால் எனக்கு அரைமணி, மச்சானுக்கு ஒரு மணி. அதன்பிறகு வண்டியை விடலாம். மச்சான் குதித்தார். "நேத்து வந்தவுகளுக்கு அரைமணி, எனக்கு ஒரு மணியா? நான் என்ன இளிச்சவாயனா?" சரி, மாற்றிப் போடலாமா என்று மேனேஜர் கேட்டார். நான் குதித்தேன். எங்கள் பிடுங்கல் தாங்காமல், இரண்டு கேட்டுக்கும் அரைமணி என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

மானம் பிழைத்தது. ஆனால் லைன் போன நாட்களில் இருவரும் ஒரே நேரத்தில் பொறுமையிழந்து, ஒரே நேரத்தில் வண்டியை விட்டோம். நடுவளைவில் லாரியும் ஜீப்பும் முகத்தோடு முகம் நிற்கும். ஏதாவது ஒன்று, பள்ளத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னாலேயே போக வேண்டும். டிரைவர்கள் எங்கள் இரண்டு பேர் பரம்பரையையும் வைது தீர்ப்பார்கள். அப்போதும் சட்டத்தை மாற்றச் சொல்லி நாங்கள் வாய் திறக்கவில்லை.

என் மனைவி தலைப்பிரசவத்துக்கு மேலே போயிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அந்தத் தாய்வீடு மேகத்துக்குள் இருக்கும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடு என்பதோ, அங்கே ஒரு நர்ஸம்மாவைத் தவிர வேறு ஆதரவில்லை என்பதோ யாருக்கும் பொருட்டில்லை. கீழே ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று நான் கத்தியது எடுபடவில்லை. வளையல் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாரல் விடாமல் அடித்த ஒரு காலையில் டெலிபோன் மணி அடித்தது. "மாப்ள, தங்கச்சிக்கு வலி எடுத்துருச்சு. பிள்ள குறுக்க கிடக்குன்னு நர்ஸம்மா சொல்றாக. ஜீப்புல ஏத்தி..." அத்தோடு லைன் செத்தது.

ஜீப் கிளம்பிவிட்டதா? இல்லை, என் சரிக்காக நிற்கிறதா? எவ்வளவு சுற்றியும் பதில் இல்லை. என் கேட்டில் அரிசி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. "அரைமணி ஆச்சுண்ணே. மழ வலுத்தா ஏற முடியாது, கேட்டத் திறங்க" என்றான் டிரைவர்.

நான் யோசித்தேன். மச்சான் என்னைவிட அவசரக்காரர். தங்கச்சி துடிக்கும்போது அரைமணியா பொறுப்பார்? ஜீப் பாதி வழி வந்திருக்கும். லாரியை விட்டால் நடுவளைவில் முட்டும். இவ்வளவு பாரத்தோடு லாரி பின்வாங்காது. அவளை வைத்துக்கொண்டு ஜீப்தான் அந்த ஏற்றத்தில் பின்னாலேயே போக வேண்டியிருக்கும்.

"லாரி போகாது" என்றேன்.

"எம்புட்டு நேரத்துக்குண்ணே?"

"ஜீப் வர்ற வரைக்கும்."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொறுத்தேன். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பீடியைப் பற்றவைத்துப் பாதியில் எறிந்தேன். நடந்தே போய்ப் பார்ப்போம் என்று முதல் வளைவு வரை ஏறினேன். டெலிபோன் அடித்துவிடுமோ என்று திரும்பி ஓடிவந்தேன். இன்னொரு அரைமணியும் போனது. ஜீப்பைக் காணோம். முன்பே கிளம்பியிருந்தால் இந்நேரம் வந்திருக்க வேண்டுமே. கவிழ்ந்துவிட்டதோ? இல்லை, இனி கிளம்பிப் பயனில்லை என்று ஆகிவிட்டதோ? அழுகை வந்தது. டிரைவர் பார்க்கிறானே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

மேலே நடந்ததை மச்சான் பிறகு சொன்னார். அவளை ஜீப்பில் ஏற்றியாகிவிட்டது. நர்ஸம்மாவும் ஏறிவிட்டார். மச்சான்தான் கேட்டைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை அவசரக்குடுக்கை, லாரியை விட்டிருப்பான், அது வந்து சேர்ந்ததும் இறக்குவோம் என்று நின்றிருக்கிறார். அவருக்கும் அதுதான் முதல் பொறுமை. அவளுக்காக நான் கீழே பொறுத்தேன், அவளுக்காக அவர் மேலே பொறுத்தார், நடுவில் பாதை காலியாகக் கிடந்தது. இரண்டு பேரில் ஒருவன் எப்போதும்போல் இருந்திருந்தால்கூட அவள் எப்போதோ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள்.

கடைசியில் அவள்தான் ஜீப்புக்குள்ளிருந்து, "கேட்டத் திறண்ணே" என்றாளாம்.

"லாரி வரும் ஆத்தா."

"வராது. நான் இங்கன கிடக்கேன்னு அவுகளுக்குத் தெரியும். விட்டிருக்க மாட்டாக."

ஜீப் வந்தபோது கேட்டைத் திறந்துவிட்டு ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த வாரமே மச்சான் மேனேஜரிடம் போய், தனக்கு ஒரு மணி என்றே வைத்துவிடச் சொன்னார். இளிச்சவாயன் பேச்சே எழவில்லை. அன்று பிறந்த மகள் பிற்பாடு கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு புரோகிராம்களும் ஒன்றின் பதிலுக்காக ஒன்று இப்படித்தான் உறைந்து நிற்குமாம். எவ்வளவு நேரம் பொறுப்பது, பிறகு யார் முதலில் நகர்வது என்று எழுதிவைப்பதுதான் அவளுக்குப் பாதி வேலையாம்.

அதெல்லாம் பிற்பாடு. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், மச்சான் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் பொறுமையை நம்பி ஒருத்தி உயிரையே வைத்திருக்கிறாளே. தையல் வலி குறைந்து அவள் எழுந்து உட்கார்ந்த அன்று கேட்டேவிட்டேன்.

"நான் லாரிய விட்டிருக்க மாட்டேன்னு சொன்னியாமே. என் மேல அம்புட்டு நம்பிக்கையா?"

அவள் பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நம்பிக்கையா? நீங்க விட்டிருப்பீகன்னுதான் நெனச்சேன். ஒவ்வொரு வளைவுலயும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். அப்படிச் சொல்லலேன்னா அண்ணன் கேட்டத் திறந்திருக்குமா? யாராச்சும் ஒருத்தர் கிளம்பணும்ல."